எரிமேடையின் பன்மை

செத்துப்போவதில் ஒரேயொரு சௌகரியம்தான் உண்டு, அதற்கப்புறம் எந்த ஆபீசுக்கும் அலைய வேண்டாம் என்று சோபாக்காரர் நம்பிக்கொண்டிருந்தார். அவருடைய அக்கா செத்த அன்றைக்கு அந்த நம்பிக்கையில் மண் விழுந்தது.

சோபாக்காரர் என்றால் சோபாவில் சாய்ந்து உட்காருகிறவர் அல்ல. பழைய சோபாக்களின் தோலை உரித்து, ஸ்பிரிங் மாற்றி, பஞ்சு அடைத்து, புதுத் துணி போர்த்தித் தைக்கிறவர். தாய் தகப்பன் போன பிறகு அவரை வளர்த்து ஆளாக்கியவள் அக்காதான். பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் அவளுக்கு உத்தியோகம். கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவன் ஊர்ப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் டிக்கெட் அவன் கையில் இருக்கும். காத்திருப்பது, காக்க வைப்பது இரண்டுமே அவளுக்கு ஆகாது. உலை கொதிக்கிற நேரத்தில்கூட அடுப்பைத் திட்டிக்கொண்டு நிற்பாள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும் அதே பேச்சுத்தான்.

“டேய், நான் போயிட்டா என்னைப் போட்டு வெச்சிக்கிட்டு அழுதிட்டிருக்காத. அன்னைக்கே எரிச்சிடு. கிடக்க விட்டுடாதடா. எனக்குப் பிடிக்காது.”

“சரிக்கா.”

“சரின்னா ஆச்சா? சத்தியம் பண்ணு.”

அவர் பண்ணினார். வாழ்நாளில் அவள் அவரிடம் கேட்டு வாங்கியது அது ஒன்றைத்தான்.

விடியற்காலையில் அவள் போய்ச் சேர்ந்தாள். மதியத்துக்குள் வண்டி பிடித்து, அக்கம்பக்கத்தில் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, அவர் நகராட்சி எரிமேடைக்கு வந்துவிட்டார். கேட் பூட்டியிருந்தது. மதில் ஓரமாக ஏழெட்டுப் பிண வண்டிகள் ஏற்கெனவே நின்றன. வண்டிக்கு வெளியே ஆட்கள் குந்தியிருந்தார்கள். யாரும் அழவில்லை. அழுது முடித்துவிட்டு அடுத்தது என்ன என்று தெரியாதவர்களின் முகம் எல்லோருக்கும்.

காவலாளியிடம் போய், “மெஷின் ரிப்பேருங்களா?” என்று கேட்டார்.

“மெஷினுக்கு என்ன கேடு? ஒண்ணுக்கு ரெண்டா இருக்கு. அதுதான் வெனையே” என்றான் காவலாளி. கேட்டுக்கு மேலே விரலைக் காட்டினான். அங்கே ஒரு பலகை இருந்து கழற்றப்பட்ட அடையாளமாக ஆணித் துளைகள் மட்டும் தெரிந்தன. “போர்டு இல்ல.”

“போர்டு எதுக்குங்க? எனக்கு எடம் தெரியும்.”

“உங்களுக்குத் தெரியும். சட்டத்துக்குத் தெரியணுமே. போர்டு இல்லாத எடத்துல எரிச்சா அது தகனம் இல்ல சார், தீ விபத்து. நான் ஃபயர் சர்வீசுக்குப் போன் பண்ணணும்.”

விஷயம் இதுதான். அந்த ஊரில் வெகுகாலமாக ஓர் எரிமேடை இருந்தது. வாசலில் ஆங்கிலத்தில் ‘கிரிமடோரியம்’ என்று எழுதியிருந்தது. தமிழில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை, ஏனென்றால் செத்தவனுக்காவது ஒரு மரியாதை வேண்டாமா. இப்போது பக்கத்திலேயே இரண்டாவது எரிமேடை கட்டினார்கள். இரண்டானால் பலகையிலும் பன்மை வர வேண்டும். ‘கிரிமடோரியம்ஸ்’ என்று எழுதி மாட்டினார்கள். மாட்டின மறுநாள் காலையில் அந்தப் பக்கமாக நடைப்பயிற்சி போன ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர் அண்ணாந்து பார்த்துவிட்டார். அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். அந்தச் சொல்லை ஆங்கிலேயன் லத்தீனிலிருந்து இரவல் வாங்கினான், ஆகவே லத்தீன் முறைப்படி ‘கிரிமடோரியா’ என்றுதான் பன்மை வர வேண்டும், ‘ஸ்’ போடுவது காட்டுமிராண்டித்தனம் என்று அவர் புகார் எழுதினார்.

இதற்கு முன்பு நகராட்சிப் பூங்காவின் பலகையில் ஓர் ஆங்கில எழுத்து விட்டுப்போய், அதன் படம் பத்திரிகையில் வந்து, அப்போதைய நகராட்சி ஆணையர் பாலைவனம் மாதிரியான ஓர் ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார். பூங்காவில் சாக்கடை ஓடியதற்கு யாரும் மாற்றலாகவில்லை. ஆகவே இப்போதைய ஆணையர் சூடு கண்ட பூனையாகிப் பலகையைக் கழற்றச் சொல்லி, கேட்டைப் பூட்டச் சொல்லி, ‘பெயர்ப்பலகைச் செம்மைக் குழு’ என்று ஒன்றைத் தம் தலைமையிலேயே அமைத்துவிட்டார். குழு முடிவெடுக்கும்வரை உள்ளே ஒரு குச்சிகூட எரியக் கூடாது.

“அடுத்த ஊருக்குக் கொண்டுபோயிடவா?” என்றார் சோபாக்காரர்.

“தாராளமா. ஆனா இங்க எரிமேடை மூடியிருக்குன்னு நகராட்சி லெட்டர் குடுத்தாத்தான் அங்க சேத்துப்பாங்க.”

“வாங்கிட்டா போச்சு.”

“எப்படி வாங்குவீங்க? லெட்டர்ல எரிமேடை பேரு எழுதணுமே” என்றான் காவலாளி. அவன் கெட்டவன் இல்லை. ஒரு நாளைக்கு இருபது பேருக்கு இதைச் சொல்லிச் சொல்லி அவனுக்குப் பழகிவிட்டது. புதைக்கலாம் என்றால் ஊர் இடுகாடு எப்போதோ அடுக்குமாடிக் குடியிருப்பாகிவிட்டிருந்தது.

சோபாக்காரர் அக்காவைத் திரும்பவும் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனார். பிணவறை ஊழியர் நல்ல மனுஷர். இடமே இல்லை என்று சொல்லிக்கொண்டே ஓர் இழுப்பறையைக் காலி செய்து கொடுத்தார். பக்கத்து இழுப்பறையில் ஒரு கிழவர் கிடந்தார்.

“லத்தீன் வாத்தியாராம்” என்றார் ஊழியர். “அந்தக் காலத்துல எங்கயோ சொல்லிக் குடுத்தாராம். மக வந்து பல நாளா காத்திட்டிருக்கு. இந்த ஆளுக்கு உயிரோட இருந்தப்ப ஒரு கடுதாசி வந்ததில்லையாம், இப்ப நகராட்சியிலேருந்து தபால் தபாலா வருது.”

சோபாக்காரர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இழுப்பறையை உள்ளே தள்ளும்போது, “நாளைக்கு முடிச்சிடறேன்கா” என்று மட்டும் சொன்னார்.

நாளைக்கு முடியவில்லை. மறுநாளும் முடியவில்லை. பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் குழுவின் கூட்டத்தில் உட்கார்ந்து கேட்கலாம், கேட்டால் சீக்கிரம் முடிக்க ஒரு தூண்டுதலாக இருக்கும் என்று நகராட்சி எழுத்தர் யோசனை சொன்னதால், அவர் கடையைப் பூட்டிவிட்டுக் கூட்ட அறைக்குப் போய் உட்காரத் தொடங்கினார். உள்ளே நுழைந்ததுமே அவருக்கு ஒரு விஷயம் உறைத்தது. குழுவினரின் நாற்காலிகளெல்லாம் அவர் கையால் பஞ்சு அடைத்தவை. இரண்டு அடுக்கு ஸ்பிரிங், முதுகுக்குத் தனி மெத்தை. உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராத வேலைப்பாடு. ஒரு ஆணியையாவது தூக்கலாக விட்டிருக்கலாமே என்று தன்னையே நொந்துகொண்டார்.

குழுவில் ஐந்து பேர். தலைவரும் பேராசிரியரும் ‘ரியா’ கட்சி. வக்கீல் ஒருவரும் நகராட்சி இன்ஜினியரும் ‘ரியம்ஸ்’ கட்சி. இன்ஜினியருக்கு மொழியில் அக்கறை ஒன்றும் கிடையாது. ஸ்டீலில் எழுத்து வெட்டி வாங்கியாகிவிட்டது, அதில் கடைசி எழுத்து ‘ஸ்’, அவ்வளவுதான். ஐந்தாவது உறுப்பினர் ஒருநாளும் வரவில்லை. அவருடைய நாற்காலி காலியாகவே இருந்தது.

ஒவ்வொரு கூட்டமும் மௌன அஞ்சலியோடு தொடங்கும். எரிக்கப்படாமல் காத்திருப்பவர்களுக்காக எல்லோரும் எழுந்து தலை குனிந்து நிற்பார்கள். வெளியே காத்திருப்பவர்கள் கூடக்கூட அஞ்சலியின் நேரத்தைக் கூட்ட வேண்டும் என்று வக்கீல் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அது மட்டும் விவாதமில்லாமல் நிறைவேறியது.

முதல் நாள் அஞ்சலிக்குப் பிறகு அகராதி வந்தது. தள்ளுவண்டியில் வைத்து, மேலே வெல்வெட் துணி போட்டு, இரண்டு சிப்பந்திகள் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அது வரும்போது எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். அக்காவின் உடம்பு பிணவறைக்குள் போனபோது ஒரு சிப்பந்தி ஓரமாகக்கூட நகரவில்லை என்பது சோபாக்காரருக்கு ஞாபகம் வந்தது. ஆனாலும் எழுந்து நின்றார்.

பேராசிரியர் அகராதியைப் பிரித்துப் படித்தார். படித்தவர் முகம் கறுத்துவிட்டது. ‘கிரிமடோரியா’வும் சரி, ‘கிரிமடோரியம்ஸ்’சும் சரி என்று அதில் போட்டிருந்தது.

“அப்ப எதை வேணா எழுதிக்கலாமே!” என்று சோபாக்காரர் சந்தோஷத்தில் கத்திவிட்டார்.

நான்கு பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். வக்கீல்தான் பேசினார். “ரெண்டும் சரின்னு சொல்ற புத்தகத்தை எப்படி நம்பறது? சாட்சிக் கூண்டுல ஒருத்தன் நின்னுக்கிட்டு ரெண்டு பக்கமும் தலையாட்டினா அவனை என்ன செய்வோம்?”

எதிரும் புதிருமாக இருந்த இரண்டு கட்சிகளும் அதில் மட்டும் ஒன்றுபட்டன. அகராதியின் நடத்தை குறித்து விசாரிக்க ஒரு துணைக்குழு போடப்பட்டது. விசாரணை முடியும்வரை அகராதி தற்காலிக நீக்கத்தில் வைக்கப்பட்டது. சிப்பந்திகள் அதை வெல்வெட் துணி இல்லாமல் வெறுமனே தள்ளிக்கொண்டு போனார்கள். அதற்கும் எழுந்து நிற்கலாமா கூடாதா என்று தெரியாமல் எல்லோரும் பாதி எழுந்து பாதி உட்கார்ந்தார்கள்.

இரண்டாவது கூட்டத்தில் இன்ஜினியர் வாய் தவறி ஓர் உருப்படியான யோசனை சொல்லிவிட்டார். “ரெண்டு கதவுலயும் தனித்தனியா ‘கிரிமடோரியம்’னு ஒருமையில எழுதிட்டா?”

பேராசிரியர் விருட்டென்று எழுந்தார்.

“நாற்பது வருஷம் இங்கிலீஷ் சொல்லிக் குடுத்தேன்” என்று தொடங்கினார். “என் மாணவர்கள் எவனுக்கும் இங்கிலீஷ் வரல. அது வேற விஷயம். ஆனா ஒருத்தனாவது தப்பா பேசினானா? பேசல. பேசவே இல்ல! ஏன்? நான் அவங்களுக்கு அந்தப் பயத்தைக் குடுத்தேன். இப்ப பன்மைக்குப் பயந்து ஒருமையில ஒளியறதா? நாளைக்கு ஒரு வெள்ளைக்காரன் இந்த ஊருக்கு வர்றான்னு வெச்சுக்குங்க...”

“இதுவரைக்கும் யாராவது வந்திருக்காங்களா சார்?” என்றார் இன்ஜினியர்.

“வரல. இப்ப வந்தா? வந்து, இங்கயே செத்தும் போனா? சாகற நேரத்துல அவன் கண்ணுல கடைசியாப் படறது ஒரு தப்பான பன்மையா இருக்கணுமா?”

செத்தவன் கண் மூடியிருக்குமே என்று சோபாக்காரருக்குத் தோன்றியது. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த நாள் குழு நேரடி ஆய்வுக்குப் போனது. மூன்று கார்களில் எரிமேடை வாசலுக்கு வந்து இறங்கினார்கள். சோபாக்காரர் பின்னாலேயே ஓடி வந்தார். வண்டிகள் இப்போது தெருமுனைவரை நின்றன. வெயிலில் ஒருவித வாடை வேறு கிளம்பியிருந்தது. குழுவைக் கண்டதும் விடிவு வந்துவிட்டதென்று எல்லோரும் ஓடி வந்தார்கள். ஒரு பெண் தலைவர் காலில் விழுந்தாள். தலைவர் பெருந்தன்மையாகக் காலை நகர்த்திக்கொண்டார்.

பேராசிரியர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தார். “மக்கள் வாயில எது சுலபமா வருதுன்னு பாக்கணும். எல்லாரும் என் பின்னாடி சொல்லுங்க. கி-ரி-ம-டோ-ரி-யா.”

சொன்னால் திறப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்து எல்லோரும் சொன்னார்கள். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன், பிள்ளையைப் பறிகொடுத்தவள், எல்லோரும் மதில் ஓரமாக வரிசையில் நின்று பள்ளிக்கூடப் பிள்ளைகளாக ராகம் போட்டார்கள். ஒரு கிழவருக்கு மட்டும் வரவில்லை. அவருடைய மனைவி முதல் வண்டியில் இருந்தாள்.

“நாக்கு மடங்க மாட்டேங்குதுங்க. பல்லு இல்ல.”

“லத்தீனுக்குப் பல் முக்கியமில்ல, முயற்சிதான் முக்கியம். திரும்பச் சொல்லுங்க.”

கிழவர் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் வண்டிக்குள் ஒருமுறை பார்த்துக்கொண்டு சொன்னார். கடைசியில் எப்படியோ சரியாக வந்துவிட்டது. பேராசிரியர் கைதட்டினார், தலைவர் கைதட்டினார், கிழவர் கேட்டைப் பார்த்தார். வக்கீல் மட்டும் ஆட்சேபித்தார். “இவங்க எல்லாம் எங்க பக்கத்து வார்த்தையைச் சொல்லிப் பாக்கவே இல்லையே. இது ஒருதலைப்பட்சம்.” ஆகவே எல்லோரும் ‘கிரிமடோரியம்ஸ்’ என்றும் சொல்ல வேண்டியதாயிற்று. அப்புறம் கார்கள் திரும்பிப் போயின.

கிளம்புவதற்கு முன் சோபாக்காரரிடம், “வீட்ல நீங்கல்லாம் என்னன்னு சொல்வீங்க?” என்று தலைவர் கேட்டிருந்தார். “சுடுகாடுன்னுதாங்க” என்றார் இவர். “அது வார்த்தை இல்லப்பா, வசவு” என்று தலைவர் அவர் தோளைத் தட்டினார்.

அன்று மாலை பிணவறையில் அவர் அக்காவின் இழுப்பறைப் பக்கம் போகவே கூசினார். ஒரு தடவை சரி என்று சொன்னால் அது சரி என்று அவளிடமிருந்துதான் அவர் கற்றுக்கொண்டது. ஊழியர் அவர் தோளில் கைவைத்து, “எனக்கே மனசு கேக்கல சார். அந்த வாத்தியாருக்கு இன்னொரு லெட்டர் வந்திருக்கு. இந்த தடவை சிவப்பு மையில அவசரம்னு போட்டிருக்கு” என்றார். அப்போதுதான் சோபாக்காரரின் மூளையில் ஏதோ தட்டியது.

மறுநாள் கூட்டத்தில் அஞ்சலி முடிந்ததும் தலைவர் கோபமாகப் பேசினார். “நம்ம குழு ரெண்டுக்கு ரெண்டா நிக்குது. அஞ்சாவது ஓட்டு விழுந்தா ஒரு நிமிஷத்துல முடியற விஷயம். ஊர்லயே லத்தீன் தெரிஞ்ச ஒரே ஆள்னு அவரைக் கௌரவிச்சு உறுப்பினராப் போட்டோம். நாலு கடிதம் எழுதியாச்சு. பதில் இல்ல. இது திமிரா, இல்லையா? மேல் நடவடிக்கை எடுக்கலாம்னு நினைக்கிறேன்.”

“ஐயா” என்று சோபாக்காரர் எழுந்தார். “அவர் செத்துட்டாருங்க. எங்க அக்காவுக்குப் பக்கத்து இழுப்பறையிலதான் இருக்காரு. உங்களாலதான் அவரையும் எரிக்க முடியல.”

இதைக் கேட்டு வெட்கப்படுவார்கள் என்று அவர் எதிர்பார்த்தார். அவருக்கு இன்னும் உலகம் தெரியவில்லை.

“எரிக்காதது நல்லதாப் போச்சு” என்றார் வக்கீல் உடனே. “எரிச்சிருந்தா உறுப்பினரையே நாம இழந்திருப்போம்.”

இறந்தவர் உறுப்பினராக நீடிக்க முடியுமா என்று சாப்பாட்டு வேளைவரை விவாதம் நடந்தது. வராமல் இருப்பதில் அவருக்கும் மற்ற பல குழுக்களின் உறுப்பினர்களுக்கும் வித்தியாசம் ஒன்றும் இல்லை என்று இன்ஜினியர் சுட்டிக்காட்டினார். கடைசியில் கனத்த மனதோடு இடம் காலி என்று அறிவித்து, வாத்தியாருக்கு அரை நிமிடம் மௌனம் காத்தார்கள். காலி இடத்தைக் கூட்டத்தில் அப்போது இருக்கும் பொதுமக்களில் ஒருவரை வைத்தே நிரப்ப வேண்டும் என்பது விதி. தலைவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். பொதுமக்கள் என்று அங்கே இருந்தது சோபாக்காரர் ஒருவர்தான்.

அவர் தன் கையால் தைத்த நாற்காலியில் முதன்முறையாக உட்கார்ந்தார். உட்கார்ந்த மறு கணமே, “என் ஓட்டு ரியம்ஸுக்கு! எழுத்து வெட்டி ரெடியா இருக்கு, இப்பவே மாட்டிடலாம்!” என்றார்.

இன்ஜினியர் எழுந்தே விட்டார். ஆனால் பேராசிரியர் கையை உயர்த்தினார். “ஒரு நிமிஷம். எரிமேடை திறந்தா புது உறுப்பினருக்கு லாபம் உண்டு. அவர் அக்கா உடல் காத்திட்டிருக்கு. சொந்த விஷயம் இருக்கிறவர் ஓட்டுப் போடக் கூடாது.”

“விதி அப்படித்தான் இருக்கு” என்றார் வக்கீல் வருத்தத்தோடு. தன் கட்சிக்கு வந்த ஓட்டு போகிறதே என்ற வருத்தம்.

தலைவர் சோபாக்காரரைக் கனிவாகப் பார்த்தார். “அந்தம்மா உங்களுக்குக் கூடப்பிறந்த அக்காவா?”

“ஆமாங்க.”

“கஷ்டம்தான். ஒண்ணுவிட்ட அக்கான்னாகூடப் பாத்துக்கலாம். ஒண்ணு பண்ணுங்க. பதவியில இருக்கணும்னா சம்பந்தத்தை விட்டுடுங்க. எழுந்து நின்னு, அந்தம்மா எனக்கு யாரும் இல்லைன்னு சபை கேக்கச் சொல்லிடுங்க. குறிப்புல ஏத்திக்குவோம். அப்புறம் உங்க ஓட்டை எவனும் ஆட்சேபிக்க முடியாது.”

எழுத்தர் பின்னாலிருந்து சோபாக்காரரின் காதோரமாகக் குனிந்தார். “சும்மா ஒரு சம்பிரதாயம் சார். சொல்லி ஓட்டைப் போட்டுட்டு, போய் அக்காவக் கொண்டாந்துடுங்க. இன்னைக்கே முடிஞ்சிடும்.”

இன்னைக்கே என்ற ஒரு சொல்தான் அவரைச் சாய்த்தது. அக்காவே இங்கே நின்றிருந்தால், ‘சொல்லித் தொலையேண்டா, எவ்வளவு நேரம் நிப்ப’ என்று முதுகில் ஒன்று வைத்திருப்பாள். அவர் மனதுக்குள் அவளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழுந்து நின்றார்.

“அந்தம்மா எனக்கு யாரும் இல்லை.”

“கொஞ்சம் சத்தமா.”

“அந்தம்மா எனக்கு யாரும் இல்லை!”

“அருமையான வாக்கியம்” என்றார் பேராசிரியர். “தெளிவு, சுருக்கம். எதிர்க்கட்சி ஆனாலும் பாராட்டறேன்.”

மூன்றுக்கு இரண்டு என்று ‘கிரிமடோரியம்ஸ்’ வென்றது. பேராசிரியர் அழுதார். இன்று ஒரு செம்மொழி செத்துவிட்டது, அதற்கு மரியாதை செய்யாமல் கலையக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். லத்தீனுக்காக முழுசாக ஐந்து நிமிடம் எழுந்து நின்றார்கள். சோபாக்காரர் நின்ற இடத்தில் கால் மாற்றிக்கொண்டிருந்தார்.

ஆபீஸ் என்றால் ஆமை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. சில வேலைகள் அங்கே மின்னலாக நடக்கும். அவர் ஆட்டோவில் எரிமேடை வழியாகப் போகும்போதே பலகை ஏறிவிட்டிருந்தது. கேட் திறந்து, முதல் வண்டி உள்ளே போய்க்கொண்டிருந்தது. யாரோ அவரை அடையாளம் கண்டு, “இவர் ஓட்டுதான்யா!” என்று கத்த, பல்லில்லாத கிழவர் ஓடிவந்து ஆட்டோவுக்குள் கையை நீட்டி அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பிணவறையில் அக்காவின் இழுப்பறை திறந்து கிடந்தது. உள்ளே ஆள் இல்லை.

“எங்கங்க?” என்றார் சோபாக்காரர்.

ஊழியர் அவர் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். “ஆபீஸ்லேருந்து போன் வந்துச்சு சார். இந்த பாடிக்குச் சொந்தம்னு யாரும் இல்லைன்னு சபைக் குறிப்பே இருக்காம். அநாதைப் பிணம்னா மெடிக்கல் காலேஜுக்குத்தான் குடுக்கணும். பசங்க அறுத்துப் படிக்கறதுக்கு. காலேஜ் வண்டி உடனே வந்து எடுத்துட்டுப் போயிடுச்சு.”

“நான்தான்யா தம்பி! தினமும் வந்து நின்னேனே, உங்களுக்குத் தெரியாதா?”

“எனக்குத் தெரியும் சார். ஆபீசுக்குத் தெரியாதே.”

அவர் திரும்பவும் நகராட்சிக்கு ஓடினார். தலைவர் கிளம்பிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு ஜன்னலோரம் அழைத்துப்போய்க் காட்டினார். தூரத்தில் எரிமேடைப் புகைபோக்கிகள் இரண்டிலும் புகை போய்க்கொண்டிருந்தது.

“நீங்க தம்பின்னு இப்ப சொன்னா உங்க ஓட்டு செல்லாது. ஓட்டு செல்லாதுன்னா போர்டு செல்லாது. போர்டு செல்லாதுன்னா அங்க இன்னைக்கு எரிஞ்சவங்க யாருமே எரியல. கேட்டை மறுபடி பூட்டணும். மிச்சம் நிக்கிற வண்டிகளைத் திருப்பி அனுப்பணும். சொல்லுங்க, இப்பவே பூட்டச் சொல்றேன். ஆனா அந்த ஜனங்ககிட்ட நீங்களே போய்ச் சொல்லிடுங்க, என்ன?”

சோபாக்காரருக்குக் கிழவரின் கை ஞாபகம் வந்தது. வாயைத் திறந்தார், மூடினார். தலைவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, அடுத்த கூட்டத்துக்கு மறக்காமல் வரும்படி கேட்டுக்கொண்டார். நகரில் இரண்டாவதாக ஓர் ஆடிட்டோரியம் கட்டுகிறார்களாம்.

மெடிக்கல் காலேஜில் உடற்கூறு அறைக்குக் காவல் பலமாக இருந்தது. “நீங்க யாரு? பாடிக்குச் சொந்தமா?” என்று வாசலில் நின்ற உதவியாளன் கேட்டான்.

“இல்ல” என்றார் சோபாக்காரர். “நகராட்சிக் குழு உறுப்பினர்.”

அவன் உடனே வழி விட்டான். உள்ளே மருந்து நெடி கண்ணை எரித்தது. ஒரு நீளமான சிமெண்ட் தொட்டியின் மூடியை அவன் தள்ளிக் காட்டினான். கலங்கிய மருந்துத் தண்ணீருக்குள் ஒன்றின்மேல் ஒன்றாக உடம்புகள் கிடந்தன. அக்கா மேலாகவே கிடந்தாள். நெற்றியைச் சுளித்துக்கொண்டிருந்த மாதிரி அவருக்குத் தெரிந்தது. அவர் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“இவங்களை எப்ப எடுப்பீங்க?”

“இதுக்கு என்ன சார் அவசரம்? மருந்துல போட்டாச்சு, வருஷக்கணக்கா கெடாம கிடக்கும். பழசு எல்லாம் தீர்ந்தப்புறம்தான் புதுசு. ரெண்டு வருஷம், மூணு வருஷம் ஆகும்.”

“அறுத்து முடிச்சப்புறம்?”

“அப்புறம் மிச்சத்தை எரிச்சிடுவாங்க.”

சோபாக்காரர் அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“தம்பி, நான் கேட்டேன்னு சொல்லிக் கொஞ்சம் ஒத்தாசை பண்ணுங்க. இவங்களை முதல்ல அறுக்கச் சொல்லிடுங்க.”

உதவியாளன் அவரை ஒரு மாதிரி பார்த்தான். “ஏன் சார், உங்களுக்கு வேண்டியவங்களா?”

“சேச்சே, யாரும் இல்ல. சும்மாதான்.”

“பாக்கலாம் சார். திங்கக்கிழமை முதல் வருஷப் பசங்க வர்றாங்க. அவங்களுக்குப் போட்டுடறேன்.”

சோபாக்காரர் இரண்டு கைகளையும் கூப்பி அவனுக்கு நன்றி சொன்னார்.